வல்லை வெளியில் மினிபஸ்

பட்டிப்பொங்கலன்று பதினொன்றேகாலுக்கு
டவுனிலிருந்து வெளிக்கிட்டோம்.
பருத்தித்துறை முனையில் வளையம் முழுசாய்த் தெரியுமாம்.
இருபத்தாறு சீற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர்.
எண்ணியது நான்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோப்பாய் வரை ஓடினோம்.
நீர்வேலியில் ஊர்ந்தோம்.
ஆவரங்காலில் அருமைத்துரையண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு
பீடி பற்றவைத்தார்.

பாதை திறந்து ஒரு மாதமும் ஆகவில்லை.
குருநாகல் பஸ், காலி வான்,
கூரையில் சோற்றுக்கிடாரம் கட்டிய மாத்தறை லொறி,
இடுக்கெல்லாம் எங்கள் சைக்கிள்கள்.
எல்லாவற்றுக்கும் முன்னால்
கழுத்தில் வடைமாலையோடு ஒரு நாம்பன்
றோட்டுக்குக் குறுக்கே நின்றது.
ஹோர்ன் அதற்குக் கேட்கவேயில்லை.
அன்றைக்கு அதன் நாள்.

காலி வானிலிருந்து இறங்கிய ஒருவர்
கைக்கடிகாரத்தைத் தட்டி என்னைப் பார்த்தார்.
நான் தோளைக் குலுக்கினேன்.
இரண்டு மொழிக்கும் அது போதுமாயிருந்தது.

பாணுக்கு நின்றிருக்கிறோம். மண்ணெண்ணெய்க்கு. பாசுக்கு.
கப்பல் ரிக்கற்றுக்கு மூன்று இரவு.
ஒருவரும் துரத்தாமல், ஒன்றும் தட்டுப்படாமல்
நாங்களாக வந்து நின்ற வரிசை
எனக்குத் தெரிய இதுதான்.

"கிரகணத்துக்கு வெளிய போகாதையெண்டு
மாமி கத்தக் கத்த வந்தனான்" என்றாள் தவமலர்,
"சூரியன் எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமே?"
பின்சீற்றில் ஆரோ சொன்னார்:
"இவ்வளவு சனத்தைக் கடைசியாய்க் கண்டது
நாவற்குழிப் பாலத்தில, அந்த இரவு."
பஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஒரு பிள்ளை
மாட்டின் கழுத்து வடை வேணுமென்று அழுதது.

வல்லை வெளிக்கு வர ஒன்று பத்து.
மரமில்லை, வீடில்லை, உப்புக்காற்று மட்டும்.
நவநீதம் மாஸ்டர் தன் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்தார்.
யன்னல் யன்னலாய் அது கைமாறியது.
பார்த்தவர்கள் எல்லாரும்
கடிபட்ட சூரியனை விட்டுவிட்டு
"மாஸ்டர், சளி கட்டியிருக்கு" என்றார்கள்.

பாலத்தடியில் சோதனைச் சாவடி.
"இறங்குங்க, ஐசி எடுங்க."
ஐம்பத்தொன்பது பேரும் தகரத்துக்குக் கீழே
ஒருவர் பின் ஒருவராய்.
வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை.
கழுவித் துடைத்த பாத்திரம்போல் ஒரு வெளிச்சம்.
வெளியில் நின்ற கூட்டம் "ஓ" என்றது.
இரண்டு மொழியிலும் அது "ஓ" தான்.

அப்போதுதான் நிலத்தைப் பார்த்தேன்.
முன்பு ஆருடையதோ வீட்டுக்குக் கூரையாய் இருந்த தகரம்.
ஆணி பிடுங்கிய ஓட்டைகள், வரிசை வரிசையாய்.
ஓட்டை நெளிந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும்
கீழே விழுந்தது வட்டம்,
நடுவில் இருட்டு வைத்த வட்டம்.
சிமெந்தில் இரண்டு ரூபாய்க் குற்றியளவு,
தவமலரின் தோளில் பொத்தானளவு,
நீட்டிய அடையாள அட்டைகளில்
படத்தின்மேல் ஒன்று, பெயரின்மேல் ஒன்று.

அட்டை வாங்க நீட்டிய கையை
ஆமிக்காரப் பெடியன் அப்படியே வைத்திருந்தான்.
உள்ளங்கையில் ஒரு வளையம்.
விரலை மடக்கினான், அது விரலின்மேல் ஏறியது.
இருபது வயது இருக்குமா?
அவனுக்கு மேலே பார்க்க அனுமதி இல்லை போலும்.
நாங்களும் பார்க்கவில்லை.
பத்து நிமிடம் ஐசி பார்க்கிற வேலை நடக்கவில்லை.

பிறகு வளையம் ஒரு பக்கம் அறுந்தது.
"போ, போ" என்றான்.

ஏறினார்கள். எண்ணினேன். ஐம்பத்தெட்டு.
எக்ஸ்ரேயைத் தேடி மாஸ்டர் குருநாகல் பஸ்ஸடியில் நின்றார்,
அது அங்கே ஆறாவது யன்னலில் இருந்தது.

நெல்லியடி தாண்டவே மூன்று மணி.
முனையிலிருந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது.
முகில் மறைத்துவிட்டதாம், வடிவாய்த் தெரியவில்லையாம்.
எங்கள் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தவமலர் மட்டும் கையை நீட்டினாள்:
"முனை மட்டும் காசு தந்தனான்,
வல்லையில பாத்தாச்சு. மிச்சத்தைத் தாரும்."
இரண்டு ரூபாய்க் குற்றிகள் ஆறு
அவள் கையில் எண்ணி வைத்தேன்.